கேள்வி–பதில்: வயதான வரைபட மென்பொருளை எங்கிருந்து திருத்துவது?

பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட தொழில்நுட்ப வரைபடங்களை உருவாக்கும் பழைய மென்பொருள்களைப் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் பலர் எழுதியிருந்ததால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேனே தவிர, கேட்ட பொருளை மாற்றவில்லை.

கேள்வி: மென்பொருளின் அமைப்பைப் பெட்டிகளும் கோடுகளுமாகக் காட்டும் யூஎம்எல் கிளாஸ் வரைபடங்கள் வரைவதற்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. ஐகான்களை மாற்றி, கறுப்புப் பின்னணி சேர்த்து, அதை நவீனமாக்கும்படி மேலிடம் சொல்கிறது. பயன்படுத்துபவர்களோ, "வேலை ஓடமாட்டேன் என்கிறது" என்று மட்டும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்ட்

பதில்: ஐகான்களைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதால் பயனில்லை. உங்கள் பயனர்களின் அந்த ஒற்றை வாக்கியத்தில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது.

இந்தத் தலைமுறைக் கருவிகள் ஏன் இப்படி அமைந்தன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். யூஎம்எல் என்ற வரைபடக் குறியீட்டு முறை 1997 நவம்பரில் ஓஎம்ஜி என்ற தொழில்நுட்பத் தர அமைப்பால் தரமாக ஏற்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவற்றுக்கு, தரத்தில் சொல்லப்பட்ட எதையும் விட்டுவிடக் கூடாது என்பதே முதல் கவலையாக இருந்தது. ஆகவே கிளாஸ் என்ற பெட்டிக்குள் வரும் ஒவ்வொரு தரவு விவரத்துக்கும், அதாவது ஓர் அட்ரிபியூட்டுக்குரிய பெயர், வகை, தொடக்க மதிப்பு, விசிபிலிட்டி (அதை நிரலின் எந்தப் பகுதி அணுகலாம் என்பது), குறிப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வைத்து, அந்தக் கட்டங்களை ஒரு பெரிய டயலாக் பெட்டிக்குள் டேப் டேப்பாக அடுக்கினார்கள். தரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவருக்கு அந்தப் பெட்டி நிறைவைத் தரும். வரைகிறவருக்கோ பெரும்பாலான நேரங்களில் பெயரும் வகையும் மட்டுமே தேவை; அந்த இரண்டையும் எழுத அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டியிருக்கிறது.

இதன் விலையைக் கணக்கிட முடியும். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1980-இல் ஓர் எளிய கணக்கு முறையை வெளியிட்டார்கள். பழகிய பயனர் ஒருவர் ஒரு விசையையோ மவுஸ் பொத்தானையோ அழுத்த சுமார் 0.2 நொடி, மவுஸை ஓர் இலக்குக்குக் கொண்டுபோக 1.1 நொடி, கையைக் கீபோர்டிலிருந்து மவுஸுக்கோ மவுஸிலிருந்து கீபோர்டுக்கோ மாற்ற 0.4 நொடி, அடுத்து என்ன என்று மனத்தளவில் தயாராக 1.35 நொடி எடுத்துக்கொள்கிறார் என்பது அதன் அடிப்படை. இவை சராசரிகள்தாம், ஆனால் இரண்டு வழிகளை ஒப்பிடுவதற்கு இவை போதும்.

ஒரு கிளாஸில், ஆங்கிலத்தில் ஏழு எழுத்துள்ள பெயரும் மூன்று எழுத்துள்ள வகையும் கொண்ட ஓர் அட்ரிபியூட்டைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கிளாஸை டபுள் க்ளிக் செய்து, டேப்பைத் தேர்ந்து, 'புதியது' என்ற பொத்தானை அழுத்தி, பெயர்க் கட்டத்தில் க்ளிக் செய்து தட்டச்சிட்டு, மவுஸுக்குத் திரும்பி வகைக் கட்டத்தில் க்ளிக் செய்து, மீண்டும் தட்டச்சிட்டு, மறுபடியும் மவுஸைப் பிடித்து 'ஓகே' அழுத்த வேண்டும். ஆறு முறை மவுஸ் பயணம், ஏழு க்ளிக், நான்கு முறை கை மாற்றம், பத்து எழுத்து, ஒரு முறை யோசனை, மொத்தம் 12.95 நொடி. அதே அட்ரிபியூட்டைப் படத்திலுள்ள கிளாஸ் பெட்டிக்குள்ளேயே ஒரு வரியாக, பெயர், முக்காற்புள்ளி, வகை என்று நேரடியாக எழுதி என்டர் தட்ட முடியுமானால், ஷிஃப்ட் விசையையும் சேர்த்தே 5.85 நொடிதான் ஆகும். அடுத்த அட்ரிபியூட்டுக்கு மவுஸே தேவையில்லை. என்டர் தட்டியதும் புதிய வரி திறந்துவிட்டால் 3.95 நொடி. பத்து அட்ரிபியூட் உள்ள ஒரு கிளாஸுக்கு, டயலாக் பெட்டியைத் திறந்தே வைத்துக்கொண்டாலும் 92.6 நொடி, நேரடியாக எழுதினால் 41.4 நொடி. மேலிடத்துக்கு அனுப்பும் குறிப்பில் இந்த இரண்டு எண்களையும் முதல் வரியில் வையுங்கள். கறுப்புப் பின்னணிப் பேச்சு தானாகவே பின்னுக்குப் போகும்.

இப்படி ஒரு வரியாக எழுதும் முறையை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். யூஎம்எல் வரைபடத்தில் அட்ரிபியூட் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்குத் தரமே ஒரு வடிவம் வைத்திருக்கிறது. முன்னால் விசிபிலிட்டிக்கான கூட்டல், கழித்தல் போன்ற ஒரு குறி, பிறகு பெயர், முக்காற்புள்ளி, வகை, சமக்குறி, தொடக்க மதிப்பு. திரையில் தெரிவதும் அதுவே. படிக்கும்போது அந்த வடிவத்தைக் காட்டுகிற கருவி, எழுதும்போதும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மற்ற கட்டங்களை அழித்துவிடாதீர்கள். அவற்றைத் திரையின் ஓரத்தில், வேலையை மறிக்காத ஒரு பக்கப் பலகையில் வையுங்கள். தேவைப்படுகிறவர் அங்கே போவார்.

அடுத்த பெரிய செலவு அம்புக்குறிகளில் இருக்கிறது. பழைய கருவிகளில் ஒவ்வொரு கோட்டுக்கும் திரையின் இடது ஓரத்திலுள்ள கருவிப்பட்டைக்குப் போய்வர வேண்டும். இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, எவ்வளவு சிறியதோ, அதற்கேற்பக் கை அதை அடையும் நேரம் கூடுகிறது என்பதைப் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே சோதனைகளில் நிறுவிவிட்டார். ஆகவே கோட்டைத் தொடங்கும் இடம் பெட்டியின் விளிம்பிலேயே இருக்க வேண்டும். மவுஸை ஒரு பெட்டியின் மேல் கொண்டுபோனதும் நாற்புறமும் சிறு அம்புகள் தோன்றும் வசதியை மைக்ரோசாஃப்ட் விஸியோ தனது 2007 பதிப்பில் கொண்டுவந்தது. இன்று இணையத்தில் கிடைக்கும் வரைபடக் கருவிகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். விளிம்பிலிருந்து இழுத்து வெற்றிடத்தில் விட்டால், "இங்கே புதிய கிளாஸ் வேண்டுமா?" என்று கேட்டு அதையும் உருவாக்கிப் பெயர் எழுதக் காத்திருக்குமானால், இணைப்பு, உருவாக்கம், பெயரிடல் ஆகிய மூன்று வேலைகள் ஒரே அசைவில் முடிந்துவிடும்.

கருவியைத் தேர்ந்தெடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். ஒரு கிளாஸ் வரைந்ததும் மவுஸ் மறுபடி தேர்வு அம்பாக மாறிவிட்டால், ஐந்து கிளாஸ் வரைய ஐந்து முறை கருவிப்பட்டைக்குப் போக வேண்டும். மாறாமல் அப்படியே இருந்துவிட்டால், எதையோ தேர்ந்தெடுக்க நினைத்து க்ளிக் செய்கிற இடத்திலெல்லாம் வேண்டாத கிளாஸ் முளைக்கும். டியா மென்பொருளில் இந்த இரண்டில் எது வேண்டும் என்று அமைப்புகளில் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரே ஆளுக்கே ஒரு நேரம் இதுவும் மறுநேரம் அதுவும் தேவைப்படும். ஒரு க்ளிக் என்றால் ஒரு முறைக்கு மட்டும், டபுள் க்ளிக் என்றால் எஸ்கேப் அழுத்தும் வரை என்று வைப்பது ஓரளவு நிம்மதி தரும். காப்பி–பேஸ்ட் முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், இப்படிப் பயனரை ஒரு நிலைக்குள் அடைத்துவைக்கும் வடிவமைப்பை வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். அவருடைய காரின் எண் பலகையிலேயே 'நோ மோட்ஸ்' (நிலைகள் வேண்டாம்) என்று எழுதியிருந்தது. மோட் இல்லாத வரைபடக் கருவி சாத்தியமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் எந்த மோடில் இருக்கிறோம் என்பது மவுஸ் முனையிலேயே தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயம்.

எதை முதலில் செய்வது என்று குழுவுக்குள் வாக்குவாதம் வந்தால், உங்கள் நிறுவனத்தின் பழைய வரைபடக் கோப்புகளையே அனுமதி பெற்றுத் திறந்து பாருங்கள். இத்தகைய மென்பொருள்களின் கோப்புகள் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் இருக்கும். ஒரு சிறு நிரல் எழுதிப் படித்துவிடலாம். எந்தக் கட்டங்கள் எவராலும் ஒருபோதும் நிரப்பப்படவில்லை, எத்தனை பெட்டிகள் இன்னும் 'கிளாஸ்1', 'கிளாஸ்2' என்ற இயல்புப் பெயரோடு கிடக்கின்றன, எத்தனை கோடுகள் எதனோடும் ஒட்டாமல் தொங்குகின்றன என்பதையெல்லாம் அவை காட்டிக்கொடுக்கும். இயல்புப் பெயரோடு நிறையப் பெட்டிகள் கிடந்தால், பெயரிடுவது அங்கே எவ்வளவு தொல்லையான வேலை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பிறகு ஆட்களைப் பாருங்கள். ஐந்து பேரை வேலை செய்யவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது மென்பொருள்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து. உங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அது நல்ல தொடக்கம். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்கும்போது, தயவுசெய்து ஆங்கிலத்தில் சொல்லுமாறு வற்புறுத்தாதீர்கள். பெங்களூரு அலுவலகத்தில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் சலித்துக்கொள்பவர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் நாகரிகமான கருத்து கிடைக்கும், தாய்மொழியில் முணுமுணுத்தால், "அடக் கடவுளே, மறுபடியும் முதலிலிருந்தா?" என்பது கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

கேள்வி: மின் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கான வரைபடங்களைப் பழைய மென்பொருளில் வரைகிறோம். வரைவது சிரமமில்லை. வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் ஒரு ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) நடுவில் சேர்க்கச் சொன்னால்தான் அரை நாள் போய்விடுகிறது. ஒரு பெட்டியை நகர்த்தினால் பத்துக் கோடுகள் கலைகின்றன. 'தானாக அடுக்கு' என்ற பொத்தானை அழுத்தினாலோ மொத்தப் படமும் அடையாளம் தெரியாமல் போகிறது.
— ஒரு வாசகர், பீன்யா

பதில்: வரைபட மென்பொருளை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதை உங்கள் கடிதம் ஒரே பத்தியில் சொல்லிவிட்டது. ஒரு படம் ஒரு முறை வரையப்படுகிறது, பலமுறை திருத்தப்படுகிறது. விற்பனைக் காட்சிகளில் எல்லாரும் வெற்றுத் திரையில் அழகாக வரைந்து காட்டுகிறார்கள். நிறைந்த திரையின் நடுவில் ஒன்றைச் சேர்த்துக் காட்டுபவரை நான் கண்டதில்லை.

தாமஸ் கிரீன், மரியன் பெட்ரே ஆகிய ஆய்வாளர்கள் 1996-இல் படவழி நிரலாக்கக் கருவிகளை ஆராய்ந்தபோது, ஒரு சிறு மாற்றம் செய்யப் பயனர் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பதையே ஓர் அளவுகோலாக வைத்தார்கள். ஒரே திருத்தத்தை வெவ்வேறு நிரல் மொழிகளில் செய்யச் சொன்னபோது, எழுத்தில் அமைந்த பேசிக்கில் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டிய வேலை, பெட்டிகளையும் கம்பிகளையும் கொண்ட லேப்வியூவில் எட்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தது. மாற்றத்தைச் சிந்திப்பதில் அல்ல, அதற்கு இடம் உண்டாக்கிக் கம்பிகளை மறுபடி ஒழுங்குபடுத்துவதில்தான் அந்த நேரம் கரைகிறது. உங்கள் அரை நாளும் அங்கேதான் போகிறது.

மென்பொருளை எழுதுபவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. கோட்டின் முனை திரையிலுள்ள ஒரு புள்ளியோடு அல்லாமல் பெட்டியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பெட்டி நகர்ந்தால் கோடு தானாகப் பின்தொடர வேண்டும். இது பெரிய புதுமையன்று. ஐவன் சதர்லாந்து எம்ஐடியில் உருவாக்கி 1963-இல் தம் ஆய்வேட்டில் விவரித்த ஸ்கெட்ச்பேட் அமைப்பிலேயே, ஒரு புள்ளியை நகர்த்தினால் அதனோடு இணைந்த கோடுகள் கூடவே நகர்ந்தன. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒட்டாத கோடுகளோடு நாம் மல்லுக்கட்டுவது வேடிக்கைதான். பயனர் கையால் வளைத்துவைத்த திருப்பங்களை மென்பொருள் கலைக்கக் கூடாது. அவர் தொடாத கோடுகளை மட்டுமே அது தன் விருப்பப்படி வழிமாற்றிக்கொள்ளலாம். ஒரு கோட்டின் மேல் ரிலேவைக் கொண்டுபோய் விட்டால், அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து ரிலேவின் இருபுறமும் தானே இணைந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் இடத்தில் மவுஸை வைத்து வலப்புறம் இழுத்தால் அந்த இடத்துக்கு வலப்பக்கம் இருக்கும் அனைத்தும் ஒரே சீராக விலகி வெற்றிடம் தரும் வசதி வேண்டும். வணிகச் செயல்முறைகளைக் காட்டும் பிபிஎம்என் வரைபடங்களுக்கான சில கருவிகளில் இது உண்டு. பழைய மென்பொருளிலும் இதைச் சேர்ப்பது கடினமன்று. ஒவ்வொரு பொருளின் இடத்தையும் ஒரே அளவு கூட்டுகிற வேலைதானே.

'தானாக அடுக்கு' பொத்தானைப் பற்றி. படிநிலைகளாக அடுக்கும் முறையைச் சுகியாமாவும் அவருடைய சகாக்களும் 1981-இல் வெளியிட்டார்கள். இன்றைய பல கருவிகளின் அடியில் அதன் வழிவந்த முறைகளே ஓடுகின்றன. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறைந்தால் படம் எளிதில் புரிகிறது என்பதை ஹெலன் பர்ச்சேஸ் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இம்முறைகளும் அந்த வெட்டுகளைக் குறைக்கவே முயல்கின்றன. ஆகவே பொத்தான் செய்வது முட்டாள்தனமன்று. ஆனால் உங்கள் படத்தில் இடத்துக்கும் பொருள் உண்டு. மின்சாரம் வரும் பக்கம், சுமை இருக்கும் பக்கம், ஒன்றாகப் பொருத்தப்படும் சாதனங்களின் வரிசை என நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஒழுங்கு எதையும் அந்தக் கணக்கு அறியாது. தேர்ந்தெடுத்த பெட்டிகளை மட்டும் அடுக்குவதாகவும், 'இதை நகர்த்தாதே' என்று பூட்டிவைத்தவற்றைத் தொடாததாகவும், ஒரே கண்ட்ரோல்–இசட்டில் முழுதும் பழையபடி திரும்புவதாகவும் இருந்தால் அந்தப் பொத்தான் உங்களுக்கு உதவும். அப்படி இல்லாதவரை அதை அழுத்த வேண்டாம்.

கேள்வி: படத்திலிருந்து ஒரு பெட்டியை டிலீட் செய்தேன். படத்திலிருந்து போயிற்று, மாடலில் இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொரு நாள் அதே போலச் செய்தபோது மாடலிலிருந்தே போய், வேறு நான்கு படங்களிலும் அது காணாமற்போயிற்று. எது சரி?
— ஒரு வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: இரண்டும் தேவையான செயல்கள், ஒரே விசை இரண்டையும் செய்வதாகப் பயனருக்குத் தோன்றுவதுதான் தவறு. மாடலிங் மென்பொருளில் எல்லாப் படங்களுக்கும் பொதுவான தரவுத் தொகுப்புதான் மாடல்; அதில் ஒரு கிளாஸ் ஒரே முறைதான் இருக்கும்; படங்களில் தெரிபவை அதன் தோற்றங்கள். இந்த வேறுபாடு மென்பொருளை எழுதியவருக்குக் கண்ணாடிபோலத் தெளிவானது. திரையிலோ ஒரு பெட்டிதான் தெரிகிறது. அது எத்தனை இடங்களில் இருக்கிறது என்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

டிலீட் விசை எப்போதும் படத்திலிருந்து மட்டுமே நீக்க வேண்டும். மாடலிலிருந்து நீக்க, கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கும் கருவிகள் உண்டு. அது நல்ல ஏற்பாடு. ஆனால் மர வடிவப் பட்டியலில் நின்றுகொண்டு டிலீட் அழுத்தினால் பொருள் மாறிவிடும். அங்கே இருப்பது மாடல்தான். நீங்கள் இரண்டாவது நாள் அந்தப் பட்டியலில்தான் நின்றிருப்பீர்கள் என்பது என் ஊகம். "நிச்சயமாகவா?" என்று கேட்கும் பெட்டி இதற்கு மருந்தாகாது, நாலைந்து முறை பார்த்த பிறகு படிக்காமலே 'ஆம்' அழுத்தக் கை பழகிவிடும். "இது இன்னும் நான்கு படங்களில் இருக்கிறது" என்று எண்ணிக்கையோடும் படங்களின் பெயரோடும் சொன்னால் கண் நிற்கும். அதைவிட முக்கியம், நீக்கிய பிறகு திரும்பப் பெற முடிவது. பழைய கருவிகள் சிலவற்றில் கோட்டை நகர்த்தியதை அன்டூ செய்யலாம், மாடலில் செய்த மாற்றத்தைச் செய்ய முடியாது; சிறிய தவறுக்கு மன்னிப்பு உண்டு, பெரிய தவறுக்கு இல்லை. உங்கள் மென்பொருளை எழுதும் குழுவிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்க வாய்ப்புக் கிடைத்தால் இதை வையுங்கள்.

கேள்வி: நான் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே மாடலிங் மென்பொருளில் வேலை செய்பவன். கண்ணை மூடிக்கொண்டே மெனுவைத் திறப்பேன். இப்போது இளைஞர்கள் சிலர் அதை 'மேம்படுத்த' வந்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களை யார் கேட்கிறார்கள்?
— ஒரு மூத்த வாசகர், ஜெயநகர்

பதில்: கேட்க வேண்டும், ஐயா. உங்கள் கை பழகியிருக்கும் விசைகள் அந்த மென்பொருளின் சொத்துகளில் ஒன்று; அவற்றை மாற்றினால் அதன் மிகத் திறமையான பயனர்களே முதலில் நஷ்டப்படுவார்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2007 பதிப்பு மெனுக்களை அகற்றி ரிப்பனைக் கொண்டுவந்தபோது பலர் கோபப்பட்டது நினைவிருக்கும். ஆனால் பழைய பதிப்பில் ஆல்ட் விசையோடு அழுத்திவந்த மெனு எழுத்து வரிசைகள் புதிய பதிப்பிலும் பெரும்பாலும் வேலை செய்தன; மெனு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல்களின் நினைவு வீணாகவில்லை. உங்கள் இளைஞர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அதே மூச்சில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கண்ணை மூடிக்கொண்டு மெனுவைத் திறக்க நீங்கள் கற்றது, அந்த மெனு நன்றாக இருந்ததால் அல்ல, வேறு வழி இல்லாததால். முந்தைய கேள்விகளில் சொன்ன நேரடி எழுத்தும் விளிம்பு அம்புகளும் உங்கள் வழியை அடைக்காமல் பக்கத்தில் இன்னொரு வழியைத் திறப்பவை. ஒரு விசையை அழுத்தி, கட்டளையின் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் அது பட்டியலில் வந்து நிற்கும் வசதி இன்றைய நிரல் எழுதும் கருவிகளில் பரவலாக இருக்கிறது. மெனு எங்கே இடம் மாறினாலும் பெயர் தெரிந்தால் போதும் என்பதால், புதியவர்களைவிட உங்களைப் போன்றவர்களுக்கே அது அதிகம் பயன்படும். ஒரு வாரம் முயன்று பாருங்கள். பிடிக்காவிட்டால் உங்கள் மெனு அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்ட் போன்றவற்றில் எழுத்தாகத் தட்டினாலே படம் வந்துவிடுகிறது. பிறகு எதற்கு இந்தப் பழைய பெட்டி–அம்பு மென்பொருள்களைத் திருத்த வேண்டும்?
— ஒரு கல்லூரி மாணவர், பெங்களூரு

பதில்: நல்ல கேள்வி. 2009-இல் வந்த பிளான்ட்யூஎம்எல்லும் 2014-இல் வந்த மெர்மெய்டும், நிரலோடு நிரலாக வரைபடத்தையும் சேமிக்க வழிசெய்தன. 2022 முதல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளமே மெர்மெய்ட் எழுத்தைப் படமாகக் காட்டுகிறது. யார் எந்தக் கோட்டை எப்போது மாற்றினார் என்பது வரிவரியாகத் தெரியும். பழைய மென்பொருள்களின் கோப்புகளில் ஒரு பெட்டியைச் சற்றே நகர்த்தினாலும் கோப்பு மாறிவிடுவதால், உண்மையான மாற்றம் எது என்று கண்டுபிடிப்பது பாடாகிவிடும்.

ஆனால் எழுத்துக் கருவிகளில் எது எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள் ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும். பத்துப் பெட்டிகள் வரை அது குறையாகத் தெரியாது. அதற்கு மேல் போனால், புதிதாக ஒரு வரி சேர்த்ததும் படம் வேறு முகம் காட்டும். பீன்யா வாசகரின் துன்பம் உங்களுக்கும் வரும். யோசித்துக்கொண்டே வரையும்போது, இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே யோசனையின் ஒரு பகுதி என்பதையும் மறக்க வேண்டாம். பழைய கருவிகள் எழுத்துக் கருவிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மாடலையும் இடஅமைப்பையும் கோப்பில் தனித்தனியாக வைப்பது. அப்படிச் செய்தால், நகர்த்தல் ஒரு கோப்பையும் பொருள் மாற்றம் இன்னொரு கோப்பையும் தொடும்.

கேள்வி: புதிய மடிக்கணினியில் பழைய மென்பொருளின் ஐகான்கள் கடுகளவாகத் தெரிகின்றன. என்ன செய்ய?
— ஒரு வாசகர், அல்சூர்

பதில்: அந்தக் காலத்து ஐகான்கள் பல 16 பிக்சல் சதுரத்தில் புள்ளி புள்ளியாக வரையப்பட்டவை; உங்கள் புதிய திரையில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் அவை சுருங்கிவிட்டன. விண்டோஸில் அந்த நிரலின் பண்புகளில், கம்பாட்டிபிலிட்டி டேப்பில், உயர் டிபிஐ அளவிடலை நிரலிடமிருந்து சிஸ்டத்துக்கு மாற்றினால் சற்று மங்கலானாலும் பெரிதாகும். மென்பொருளை எழுதுபவர்கள் செய்ய வேண்டியது ஐகான்களை, எந்த அளவிலும் தெளிவாகத் தெரியும் எஸ்விஜி வடிவில் மறுபடி வரைவது. இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறை, க்ளிக் செய்யும் இலக்கு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கக் கேட்கிறது; டெஸ்க்டாப் மென்பொருளுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நிர்வாகக் குழுவுக்காகச் சில வரைபடங்களைத் தமிழில் தயாரிக்கிறேன். பழைய மென்பொருளில் 'கொள்முதல்' என்று எழுதினால் கொம்பு ஓரிடத்திலும் காலும் எழுத்தும் வேறிடத்திலும் நிற்கின்றன. சில சொற்கள் பெட்டியை விட்டு வெளியே வருகின்றன.
— ஒரு வாசகி, இந்திராநகர்

பதில்: யூனிகோடில் 'கொ' என்பது 'க' என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். திரையில் அதுவே கொம்பு, 'க', கால் என மூன்று வடிவங்களாகப் பிரிந்து, கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கென்று ஹார்ஃப்பஸ் போன்ற தனி நிரலகங்கள் இருக்கின்றன. பழைய வரைபட மென்பொருள்கள் சில அவற்றைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியே இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போகின்றன. பெட்டியின் அகலத்தையும் ஆங்கில எழுத்தின் அகலத்தைக் குறியீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கிட்டால், 'ணை', 'ஞா' போன்ற அகலமான எழுத்துகள் வெளியே வழியத்தான் செய்யும்.

உடனடி வழி என்றால், படத்தை எஸ்விஜி வடிவில் ஏற்றுமதி செய்து உலாவியில் திறந்து பாருங்கள். எழுத்துகள் கோட்டுருவமாக மாற்றப்படாமல் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்தால் உலாவி சரியாகக் காட்டும். அங்கிருந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். பெட்டிகளைக் கையால் சற்று அகலமாக்கி வைத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். பெட்டிக்குள் திருத்தும்போது பேக்ஸ்பேஸ் ஒரு முறை அழுத்தினால் முழு எழுத்தும் போகாமல் ஒகரக் குறி மட்டும் போய் 'க' எஞ்சுவதைக் காண்பீர்கள். அது கோளாறன்று, பெரும்பாலான மென்பொருள்களில் அப்படித்தான். மென்பொருளைப் பராமரிக்கும் குழு உங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தால், 'கொள்முதல்', 'மேலாண்மை', 'ஒருங்கிணைப்பு', 'ஸ்ரீ' ஆகிய நான்கையும் நான்கு பெட்டிகளில் எழுதி, திரையில் தெரிவதன் படத்தையும் பிடிஎஃப் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். திரையில் சரியாகவும் பிடிஎஃப்பில் தவறாகவும் வந்தால் கோளாறு ஏற்றுமதிப் பகுதியில் இருக்கிறது. இரண்டிலும் தவறென்றால் எழுத்தை வரையும் அடிப்படைப் பகுதியையே அவர்கள் மாற்ற வேண்டியிருக்கும்.